ஒரு நிமிஷம் பொறுங்க, கிரான் வரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி ஜாஸ்தி, சோம்பல் அதைவிட ஜாஸ்தி. ஆனா போன மாசம் நடந்த ஒரு விஷயத்தை எழுதாம இருந்தா மனசு ஆறாது. கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம்தான். லினக்ஸ் தெரியாதவங்களும் படிக்கிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். போரடிச்சா கடைசி நாலு பத்தியை மட்டும் படிச்சுட்டுப் போங்க :-)

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் மூணாவது வருஷம். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காம லேப்டாப்பில் கறுப்புத் திரையை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா மாப்ளே, விடிய விடிய என்ன தட்டற?"

"கேப்சர் தி ஃப்ளாக் மாமா. ஓவர்தவயர்னு ஒரு சைட். அதுல பேண்டிட்."

தெரியாதவங்களுக்கு: கேப்சர் தி ஃப்ளாக்னா கொடியைப் பிடிக்கிற விளையாட்டு. நாம சின்ன வயசில் ஆடினது மாதிரிதான், மைதானத்துக்குப் பதிலா ஒரு சர்வர். அதில் எங்கேயோ ஒரு ரகசிய வரி ஒளிஞ்சிருக்கும். வேணும்னே விட்டு வைச்ச ஏதாவது ஒரு ஓட்டை வழியா நுழைஞ்சு அதை எடுக்கணும். ஆடறதுக்குன்னே திறந்து வைச்ச இடம், அதனால யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டாங்க. பேண்டிட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பயனர் கணக்கு. பேண்டிட்21க்குள்ள இருந்துக்கிட்டு பேண்டிட்22ஓட பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சா அடுத்த படி. ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கணக்குக்காரர் மட்டும்தான் அதைப் படிக்க முடியும்.

(பாஸ்வேர்டு எதையும் இங்கே எழுதப் போறதில்லை. ஆனா வழியைச் சொல்லிடுவேன். நீங்களே முயற்சி பண்ணணும்னு நினைக்கிறவங்க இப்படியே கிளம்பிப் போய் ஆடிட்டு வாங்க. பதிவு எங்கேயும் ஓடிடாது.)

பையன் 21ல் மாட்டிக்கிட்டு இருந்தான். எட்டிப் பார்த்தேன். கிரான்! எனக்குச் சிரிப்பு தாங்கலை. பதினஞ்சு வருஷம் சர்வர் ரூம்ல குப்பை கொட்டினவன் கிட்ட கிரானா? நகருடான்னு சொல்லிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விதி அங்கே ஆரம்பிச்சது.

கிரான்னா என்னன்னு சொல்லிடறேன். லினக்ஸ் சர்வருக்குள்ள இருக்கிற அலாரம் கடிகாரம்னு வைச்சுக்குங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணு முழிச்சு, தன்கிட்ட இருக்கிற பட்டியலைப் பார்க்கும். இந்த நிமிஷத்தில் செய்யவேண்டிய வேலை ஏதாவது இருந்தா செய்யும், இல்லாட்டி திரும்பத் தூங்கும். பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் அஞ்சு கட்டம்: நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. அஞ்சிலும் நட்சத்திரக் குறி போட்டா ஒவ்வொரு நிமிஷமும் ஓடும்னு அர்த்தம். சர்வருக்குப் பொதுவான பட்டியலில் ஆறாவதா ஒரு கட்டமும் உண்டு: யாரோட அதிகாரத்தில் ஓடணும்ங்கிற பேர். இந்த ஆறாவது கட்டம்தான் இந்தக் கதையோட வில்லன். ஞாபகம் வைச்சுக்குங்க.

கிரான் ரொம்பப் பழைய ஆளு. 1979ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. அப்போ ஒரே ஒரு பட்டியல்தான், அதில் இருக்கிறது எல்லாமே ரூட் அதிகாரத்தில் ஓடும். அப்புறம்தான் ஆளுக்கு ஒரு பட்டியல்னு வந்தது. 1987ல் பால் விக்ஸின்னு ஒருத்தர் புதுசா எழுதி வெளியிட்ட கிரானோட வாரிசுகள்தான் இன்னைக்கும் நிறைய லினக்ஸ் பொட்டிகளில் ஓடுது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 21ல் பெரிசா ஒண்ணும் இல்லை. கிரான் பட்டியலைப் படிச்சா, ஒரு ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை பேண்டிட்22 பேரில் ஓடுதுன்னு தெரியும். அந்த ஸ்கிரிப்டைப் படிச்சா, பாஸ்வேர்டை எடுத்து தற்காலிக அடைவில் ஒரு கோப்பில் கொட்டுது. அந்தக் கோப்பை யார் வேணும்னாலும் படிக்கலாம். படிச்சோம், முடிஞ்சது. ரெண்டு நிமிஷ வேலை. "பார்த்தியாடா"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

22லயும் அதே கதைதான், ஆனா கோப்போட பேரை ஸ்கிரிப்டே கணக்குப் போட்டு உருவாக்கும். "நான் இன்ன பயனர்"ங்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை எம்டி5 போட்டு அரைச்சு, வர்ற எழுத்துக் குவியலையே பேரா வைக்கும். நாம அதே வாக்கியத்தில் பேண்டிட்23ன்னு பேரை மாத்திப் போட்டு அரைச்சா கோப்போட பேர் கையில் வந்துடும். இதைப் பையனே கண்டுபிடிச்சான். நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஏதோ எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி. ஹி.. ஹி..

23தான் ஆளைக் கவிழ்த்தது.

அங்கேயும் ஒரு ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை பேண்டிட்24 பேரில் ஓடுது. ஆனா அது பாஸ்வேர்டை எங்கேயும் கொட்டலை. குறிப்பிட்ட ஒரு அடைவுக்குள்ள போகுது. அங்கே யாராவது ஸ்கிரிப்ட் வைச்சிருந்தா ஒவ்வொண்ணா ஓட்டுது, ஓட்டி முடிச்சதும் அழிச்சுடுது. வைச்ச ஆள் பேண்டிட்23ஆன்னு மட்டும் ஒரு சோதனை. நாமதான் பேண்டிட்23. அதாவது நாம எழுதி வைக்கிறதை அடுத்தவன் தன்னோட அதிகாரத்தில் ஓட்டித் தருவான். நாம அவன் பாஸ்வேர்டை எடுத்து நம்ம அடைவில் போடச் சொல்லி ரெண்டு வரி எழுதினா போதும்.

எழுதினேன். கொண்டு போய் வைச்சேன். "ஒரு நிமிஷம் பொறு, கிரான் வரும்" என்றேன் ரொம்ப கெத்தா.

கிரான் வந்தது. ஸ்கிரிப்டைக் காணோம். பாஸ்வேர்டையும் காணோம்.

இங்கே ஒரு கஷ்டம் என்னன்னா, எது தப்பாப் போனாலும் சத்தமே வராது. செய்தியெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போற மாதிரி எழுதி வைச்சிருக்காங்க. உங்க ஸ்கிரிப்ட் ஓடினாலும் அழியும், ஓடாட்டியும் அழியும். பத்து நிமிஷம் மண்டையைக் குடைஞ்ச அப்புறம் பையன் சொன்னான்: "மாமா, இயங்குற பர்மிஷன் கொடுத்தீங்களா?" கொடுக்கலை. வெறும் எழுத்துக் கோப்பா வைச்சிருக்கேன். எல்கேஜி தப்பு.

கொடுத்தேன். திரும்ப வைச்சேன். ஒரு நிமிஷம். ஸ்கிரிப்ட் காலி. பாஸ்வேர்டு இல்லை.

இந்தத் தடவை ரெண்டு பேருமே முழிச்சோம். தங்கமணி உள்ளேயிருந்து, "மணி பன்னெண்டு ஆகுது, மாமனும் மருமகனும் அங்கே என்ன கொள்ளையடிக்கிறீங்க?"ன்னு குரல் கொடுத்தாங்க. அட, நாங்க பண்ணிட்டிருந்தது அதுதானே :-)

விஷயம் என்னன்னா, நான் பாஸ்வேர்டைப் போடச் சொன்ன அடைவு என்னோடது. அதை உருவாக்கினப்பவே எனக்கு மட்டும்தான்னு பூட்டி வைச்சிருக்கு. ஸ்கிரிப்ட் ஓடறது பேண்டிட்24 அதிகாரத்தில். அவன் பாஸ்வேர்டை எடுத்துக்கிட்டு வந்து என் கதவைத் தட்டறான், கதவு பூட்டியிருக்கு, திரும்பிப் போயிடறான்.

"777 போடுங்க மாமா."

777ன்னா எல்லாருக்கும் எல்லா அனுமதியும். முதல் எண் சொந்தக்காரருக்கு, ரெண்டாவது குழுவுக்கு, மூணாவது மத்த எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினா 7. போட்டேன். ஸ்கிரிப்டைத் திரும்ப வைச்சேன். நிமிஷ முள் மாறுறதையே ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருந்தோம். வந்தது! 32 எழுத்து. பையன் கையைத் தட்டினான். எனக்கும் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தது.

அப்போதான் அவன் கேட்டான்.

"மாமா, நிஜத்தில் யாராவது இப்படி வைப்பாங்களா? யார் வேணும்னாலும் எழுதலாம், அதை இன்னொருத்தன் அதிகாரத்தில் கிரான் ஓட்டும்னு? இது விளையாட்டுக்குன்னு செஞ்சதுதானே?"

"எவனாவது முட்டாள் வைப்பான்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிப்பு நின்னுடுச்சு.

அந்த முட்டாளை எனக்கு நல்லாத் தெரியும்.

2011. அப்போ நான் வேலை பார்த்த கம்பெனியோட பேர் வேண்டாம். சின்ன இடம், ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். கணக்கு, பில், சம்பளம் எல்லாம் அதில்தான். தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் இன்னொரு டிஸ்குக்குப் பிரதி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பல பேரோட கோப்புகளைப் படிக்கணும்கிறதால ரூட் அதிகாரத்தில் கிரானில் போட்டேன். ரூட்னா அந்தப் பொட்டிக்கு ராஜா. அது வரைக்கும் சரி. ஆனா அக்கவுன்ட்ஸ் பிரிவில் மாசத்துக்கு ஒரு தடவை புது ஃபோல்டர் உருவாக்குவாங்க. அதையும் சேர்க்கச் சொல்லி எனக்குப் போன் வரும். ஒரு ஞாயித்துக்கிழமை, விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. இலையில் சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்காங்க, இவரு ஃபோல்டர் பேரை எழுத்து எழுத்தா சொல்றாரு. மறுநாள் போனதும் அந்த ஸ்கிரிப்டுக்கும் அது இருந்த அடைவுக்கும் 777 போட்டுட்டு, "சார், இனிமே நீங்களே ஒரு வரி சேர்த்துக்குங்க"ன்னு சொல்லிட்டேன். தொல்லை விட்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

2015ல் அந்த வேலையை விட்டேன். ஸ்கிரிப்டை விட்டுட்டு வந்தேன். அதை ஒரு இன்டர்வியூவில் பெருமையா வேற சொல்லியிருக்கேன்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த சர்வரில் கணக்கு இருந்த எவனும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதினா போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு கிரான் வந்து அதை ரூட்டா ஓட்டிட்டுப் போகும். சம்பளக் கணக்கை மாத்தலாம், எல்லாத்தையும் அழிக்கலாம், தனக்குன்னு ஒரு ரூட் கணக்கே திறந்துக்கலாம். கிரான் "இதை யாருப்பா எழுதினது?"ன்னு கேட்கவே கேட்காது. நேரம் ஆச்சா, யார் பேரில் ஓட்டணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கை மேசை மேல வைச்சுட்டு வந்த மாதிரி. பேண்டிட்டிலாவது வைச்ச ஆள் யாருன்னு ஒரு சோதனை இருந்தது. நான் அதுகூட வைக்கலை.

பையன்கிட்ட சொன்னேன். சின்னப் பசங்க கிட்ட அசடு வழியறது எப்பவுமே கஷ்டம்தான். அவன் சிரிக்கலை. "இன்னும் ஓடிக்கிட்டு இருக்குமா மாமா?"

"தெரியலைடா."

"பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தா நீங்களே உள்ளே போய் மாத்திடலாமே? யாருக்கும் தெரியாது."

உண்மையைச் சொல்றேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மானம் மிஞ்சும் பாருங்க. ஆனா அது பேண்டிட் இல்லை. விளையாட்டுக்குத் திறந்து வைச்ச வீடு வேற, நாம குடியிருந்து காலி பண்ணின வீடு வேற. பழைய சாவி இருக்குங்கிறதுக்காக உள்ளே போய் அடுப்பை அணைச்சுட்டு வந்தேன்னா அதுவும் அத்துமீறல்தான். நம்ம ஊர் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000ல் வந்தது, அதோட 43வது பிரிவிலேயே அனுமதியில்லாம அடுத்தவங்க கணினிக்குள்ள போறது வருது. அதை அவன்கிட்ட சொன்னேன். அவனுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கிட்டேனா தெரியலை.

அன்னைக்கு ராத்திரி சரியாத் தூங்கலை. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து மொபைலைப் பார்த்தேன். 2:00. இந்நேரம் ஓடிக்கிட்டு இருக்குமோன்னு ஒரு நினைப்பு.

காலையில் பத்து மணிக்குப் பழைய மேனேஜருக்குப் போன் பண்ணினேன். பல வருஷம் கழிச்சு. "சார், நல்லா இருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சு, நாலு நிமிஷம் சுத்தி வளைச்சு, கடைசியா விஷயத்துக்கு வந்தேன். அவருக்குப் பாதிதான் புரிஞ்சது. "நீ போட்டது தப்புன்னு நீயே சொல்றியா?"ன்னு மட்டும் கேட்டார். ஆமா சார்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் இப்போ சர்வர் பார்த்துக்கிற தம்பியோட நம்பரைக் கொடுத்தார்.

அந்தத் தம்பி தேடிப் பார்த்துட்டு மதியம் கூப்பிட்டாரு. "அண்ணே, ஓடிக்கிட்டுதான் இருக்கு."

பொட்டி ரெண்டு தடவை மாறியிருக்கு. ஒவ்வொரு தடவையும் பழசை அப்படியே பிரதி எடுத்து வைச்சிருக்காங்க, 777 உள்பட. "மேலே உங்க பேரு இருந்துச்சு, அதைத் தொட்டா ஏதாவது உடைஞ்சிடுமோன்னு யாரும் தொடலைண்ணே"ன்னாரு. என் பேரை நானே பெருமையா முதல் வரியில் போட்டு வைச்சிருந்தேன்.

"வேற ஏதாவது வரி சேர்ந்திருக்கா தம்பி?" இதைக் கேட்கும்போது தொண்டை வறண்டுடுச்சு.

வாய்விட்டுப் படிச்சாரு. அக்கவுன்ட்ஸ் ஃபோல்டர்கள் வரிசையா வந்தது. கடைசியில் ஒரு வரி, அவருக்கும் புரியலை, எனக்கும் புரியலை. அந்த இடத்தைத் திறந்து பார்த்தா.. கல்யாண போட்டோ! எப்பவோ வேலை பார்த்த யாரோ ஒருத்தர் தன்னோட கல்யாண ஆல்பத்தைப் பத்திரமா இருக்கட்டுமேன்னு ரூட் அதிகாரத்தில் தினமும் பிரதி எடுக்க வைச்சிருக்காரு.

தம்பி விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ஆனா போனை வைச்ச அப்புறம் கை லேசா நடுங்குச்சு. யாரும் எழுத மாட்டாங்கன்னு நான் நம்பின கோப்பில் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் எழுதியிருக்காரு, கிரான் அதை மறுபேச்சு இல்லாம தினமும் ஓட்டியிருக்கு. அவர் கல்யாண மாப்பிள்ளையா இருந்தது என் அதிர்ஷ்டம். கோபக்கார ஆளா இருந்திருந்தா?

அன்னைக்கே சரி பண்ணிட்டாங்க. ஸ்கிரிப்டுக்கு ரூட்தான் சொந்தக்காரர், அனுமதி 700. அடைவுக்கும் அப்படியே. இது முக்கியம், கோப்பை மட்டும் பூட்டினா போதாது. அடைவு திறந்து கிடந்தா, பூட்டின கோப்பைத் தூக்கிப் போட்டுட்டு அதே பேரில் வேற கோப்பு வைச்சுடலாம். ஃபோல்டர் பேர்களை மட்டும் தனியா ஒரு எழுத்துக் கோப்பில் வைச்சு, அக்கவுன்ட்ஸ்காரங்க அதில் மட்டும் எழுதலாம்னு ஆக்கிட்டாங்க. ஸ்கிரிப்ட் அதைப் பேர்ப் பட்டியலா மட்டும் படிக்கும், கட்டளையா ஓட்டாது. 2011ல் எனக்கு அரை மணி நேரம் பொறுமை இருந்திருந்தா இதையே நானும் செஞ்சிருக்கலாம்.

உங்ககிட்ட லினக்ஸ் சர்வர் இருந்தா ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ரூட்டோட கிரான் பட்டியல், ஈடிசி அடைவில் இருக்கிற கிரான் கோப்புகள், ரெண்டையும் திறந்து ஒவ்வொரு வரியும் எந்தக் கோப்பை ஓட்டுதுன்னு பாருங்க. அந்தக் கோப்பிலும், அதுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு அடைவிலும் ரூட்டைத் தவிர வேற யாராவது எழுத முடியுமான்னு பாருங்க. முடியும்னா அது உங்க கல்யாண ஆல்பம்.

பி.கு.: பையன் 24க்குப் போயிட்டான். நாலு இலக்க பின் நம்பராம், பத்தாயிரம் தடவை முயற்சி பண்ணணுமாம், அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதணுமாம். "வாங்க மாமா"ன்னு கூப்பிட்டான். "நீயே போடுடா மாப்ளே, நான் தூங்கணும்"னு வந்துட்டேன். இன்னும் வேற என்னென்ன எங்கெங்க விட்டுட்டு வந்தேன்னு யோசிக்க வேண்டியிருக்கு.